புவனா உள்ளங்கையால் மறைத்த ஒரு நிமிஷம்

பாப்பாத்தி என் வாசலை மிதித்து ஆறு வருஷம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் சாக்கை விரித்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் பாப்பாத்தி. காலில் செருப்பில்லை. முந்தானையை வாயில் வைத்திருந்தாள். பேசாதவள் பேச வந்தால் நல்ல சேதியாக இருக்காது என்று தெரியும். இருந்தாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன, வழி தவறி வந்துட்டயா?" என்றேன்.

"அங்கம்மாக்கா, நம்ம புவனா போயிட்டா."

"எங்க போனா?"

"எங்கன்னு சொல்லுவேன்? போயே போயிட்டாக்கா."

கையில் இருந்த மிளகை நான் சாக்கில் போடவில்லை. உள்ளங்கையில் அப்படியே இறுக்கிப் பிடித்திருந்தேன். 'நம்ம புவனா' என்று அவள் சொன்னது முதலில் சுருக்கென்றது. உனக்கு எப்போதிருந்து அவள் நம்ம புவனா என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. வியாழக்கிழமை விடியக்காலம் சேலத்து ஆஸ்பத்திரியில் உயிர் போனதாம். அன்றைக்குச் சாயங்காலமே எடுத்துவிட்டார்களாம். புவனாவின் அக்கா பாப்பாத்திக்குத்தான் போன் போட்டிருக்கிறாள். என் நம்பர் புவனாவிடம் இல்லை. ஒருதரம் கேட்டாள், நான் கொடுக்கவில்லை.

அவளோடு படம் எடுத்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம், எஸ்டேட் லைன் வீட்டு ஆட்களும் எழுதவேண்டும் என்று கேட்டீர்கள். படத்தைப் பார்த்தவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். காப்பிப் பழச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துத் திட்டுகிறவள் நான்தான். எனக்கு ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொன்னதைத் திருத்தாதீர்கள்.

புவனா எடுத்தது தியேட்டரில் ஓடுகிற படம் இல்லை. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்க்கிற பொம்பளைகள், கல்குவாரி மூடியபின் பிழைப்புத் தேடிப் போனவர்கள், இந்த மாதிரி ஜனங்களைப் பற்றியே எடுத்தாள். எங்களைப் படமெடுக்க வந்தபோது எனக்கு அவள்மேல் ஒரு பொட்டு நம்பிக்கை கிடையாது. அதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வருஷம் பேய்மழையில் மண் சரிந்து எங்கள் லைனுக்கு வருகிற பாதை அடைபட்டது. டிவிக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஆடு இரண்டு மண்ணுக்குள் போய்விட்டதே என்று நான் அழுதேன். எடுத்துக்கொண்டிருந்தவன், "அம்மா, லைட் சரியில்ல, இன்னொருக்கா அழுங்க" என்றான். அவன் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தால்கூட அடையாளம் காட்டுவேன்.

ஆகவே புவனா வந்து நின்றதும், "நான் அழுவமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது. மலை ஏறுகிற பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் அவளுக்கு ஆகாது. கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே வருவாள். அந்தப் பழத்தை மூக்கில் வைத்தபடியே சொன்னாள்: "அழுவறத எடுக்கறது சுலபமுங்கம்மா. அழுதுட்டு, மூஞ்சி கழுவிட்டு, அடுத்தாப்புல வேலைக்குப் போறாங்க பாருங்க, எனக்கு அதுதான் வேணும்."

வாய்ப்பேச்சு என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பழம் பறிக்கப் போனால் எங்களுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். கேமரா இல்லை. ஒரு சாக்கை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டாள். நான் வேண்டுமென்றே முசுறு எறும்புக் கூடு இருந்த செடியை அவளுக்குக் காட்டிவிட்டேன். கழுத்தெல்லாம் கடித்துத் தடித்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. பத்து நாள் பறித்தபிறகுதான் கேமராவை வெளியே எடுத்தாள். பதினோராம் நாள் சொன்னாள்: "எறும்பு இருக்கறது உங்களுக்குத் தெரியுமுன்னு எனக்குத் தெரியுமுங்கம்மா." அன்றைக்குத்தான் நான் அவளைக் கண்ணு என்று கூப்பிட்டேன்.

அவளுக்கு ஒரு கட்டு உண்டு. படத்தில் இருக்கிறவர்கள்தான் முதலில் படத்தைப் பார்க்கவேண்டும். அவர்கள் பார்த்து, இது வேண்டாம் என்று சொன்னால் அதை எடுத்துவிடுவாள். பிறகுதான் வெளியாட்களுக்கு. "பாத்தத காட்டறது ஒரு பெரிய விஷயமில்லீங்க. யாரு முன்னாடி காட்டறோம், அதுல இருக்குது நல்லதும் கெட்டதும்" என்று அடிக்கடி சொல்வாள். இது எனக்குப் பிடித்திருந்தது. இதுவே எங்கள் இருவருக்கும் நடுவில் கத்தியாக வந்து நிற்கும் என்று அப்போது தெரியவில்லை.

அதைச் சொல்லவேண்டுமானால் எங்கள் லைனைப் பற்றிச் சொல்லவேண்டும். நாகலூர் தாண்டி, சில்வர் ஓக் மரத்துக்கு நடுவே, ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பதினொரு வீடு. காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்காக எங்கள் மாமனார் காலத்தில் கட்டியது. பட்டா கிடையாது. ஆபீஸில் ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. எந்த நம்பர் வீடு யார் பேரில் என்று அதில் எழுதியிருக்கும். எழுதின எழுத்து எழுதினபடி இருக்கும், குடும்பம் அப்படி இருக்குமா? மகனுக்குக் கல்யாணமானால் ஒரு தடுப்பு வேண்டும். சில வீட்டுக்குப் பின்னால் கூரையை இறக்கிக் கட்டின சாய்ப்பு உண்டு, சில வீட்டுக்கு இல்லை. ஆள் குறைந்தவர்கள் சாய்ப்பு வீட்டை ஆள் கூடினவர்களுக்கு விட்டுக்கொடுத்து இடம் மாறிக்கொள்வோம். முதலில் உப்பு ஜாடியும் விளக்கும் மாறும். அப்புறம் சாமான். ஆபீஸில் யாரும் போய் எழுதி வைப்பதில்லை. வீடு மாறினது எல்லோருக்கும் கண்ணெதிரே தெரிகிறதே, அதை எதற்கு எழுதவேண்டும் என்றுதான் நினைத்தோம்.

அப்படித்தான் என் மூத்தவன் கல்யாணத்துக்கு நான் மூன்றாம் நம்பரை விட்டு ஏழாம் நம்பருக்கு வந்தேன். ஏழிலிருந்த பாப்பாத்தி மூன்றுக்குப் போனாள். மூன்றாம் நம்பருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் வைத்த ஆரஞ்சு மரம் ஒன்று இருந்தது. பழத்தில் பாதி எனக்கு என்பது பேச்சு. மூன்றாம் வருஷம் பாப்பாத்தி அதை வெட்டிவிட்டாள். கேட்டதற்கு, "எறும்பு வந்துச்சுக்கா" என்றாள். எறும்பு வராத மரம் எந்த ஊரில் இருக்கிறது?

ஒரு மத்தியானம் வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டே இந்தக் கதையைப் புவனாவிடம் சொன்னேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. குச்சி முனையில் முடி வைத்த மைக்கை நீட்டியிருந்தாள். நாங்கள் அதைக் கீரிப்பிள்ளை என்போம். அந்த நேரம் பார்த்து எங்கள் ரைட்டர் சுந்தரம் டீக்கு வந்தார். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை, எஸ்டேட்டில் வேலைக்கு வந்தவர்கள் பேர் போடுகிறவர். ரெஜிஸ்டர் அவர் கையில்தான். டம்ளரை வாங்கிக்கொண்டு என் பின்னால் நின்று சிரித்தார்.

"இவ சொல்றது நிசந்தானுங்க. இவளோட உப்பு ஜாடியத் தூக்கியாந்து குடுத்ததே நான்தான். ரெஜிஸ்டரத் திருத்தோணுமுன்னா பெரிய ஆபீஸுக்கு லெட்டர் போடோணும். லெட்டர் போய்ச் சேர்றதுக்குள்ள இவங்க மறுக்கா மாறிக்குவாங்க" என்றார்.

நாங்கள் மூவரும் சிரித்தோம். ஒரு நிமிஷம் இருக்கும். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் எஸ்டேட் கைமாறியது. வாங்கினவர்களுக்குக் காப்பி வேண்டாம், காட்டேஜ் கட்டவேண்டும். புது மேனேஜர் வந்தார். சுந்தரம் ரைட்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் அயோத்தியாபட்டணத்தில் மகள் வீட்டுக்குப் போய், ஆறே மாசத்தில் கண்ணை மூடிவிட்டார். லைன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ரெஜிஸ்டரில் பேர் உள்ளவர்கள் அந்த நம்பர் வீட்டிலேயே இருந்தால் அவர்களுக்கு மட்டும் இருக்க உரிமை பற்றிப் பேசப்படும், மற்றவர்கள் வெளியாட்கள், காலி செய்யவேண்டும். பதினொரு வீட்டில் ஒருவர்கூட அவரவர் பேர் உள்ள நம்பரில் இல்லை.

சரிபார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் என்ன செய்தோம் தெரியுமா? எல்லோரும் ரெஜிஸ்டர்படி ஓடிப்போய் நின்றோம். நான் பாப்பாத்தி வீட்டு வாசலில் வீட்டுக்காரி மாதிரி நின்றேன். அவள் என் வாசலில் நின்றாள். வெட்டின மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்துக்கொண்டே மேனேஜருக்குக் கும்பிடு போட்டேன். பாப்பாத்தியின் நாய் என்னைப் பார்த்துக் குரைக்கிறது. "ஏம்மா, உன் நாயே உன்னக் குரைக்குது?" என்றார் மேனேஜர். "அதுக்குக் கண்ணு தெரியாதுங்க சார்" என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம்தான் படம் முடிந்துவிட்டது என்று புவனா வந்தாள். அந்த ஒரு நிமிஷம் படத்தில் இருந்தது.

"அத வெட்டிடு கண்ணு" என்றேன். "மேனேஜர் காதுக்குப் போனா பதினோரு ஊடும் தெருவுல."

"வெட்டலாமுங்கம்மா. ஆனா இன்னைக்கு மறைச்சா நாளைக்கு அதுவே பொய்யாயிரும். ஆபீஸுக்குத் தெரிஞ்சுதான் மாறினீங்கன்னு சொல்றதுக்கு இந்த ஒரு நிமிஷந்தான் இருக்குது."

"எங்க கழுத்துமேல கத்திய வெச்சுட்டு அதுக்கு சாட்சின்னு பேரு வெக்கிறயா?"

"எல்லாரும் பாக்கட்டும். பாத்துட்டுப் பதினோரு ஊடும் சேர்ந்து வேண்டாமுன்னா எடுத்தர்றேன். என் கட்டு உங்களுக்குத் தெரியுமில்ல?"

ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரம், காப்பிக் களத்தில் என்னுடைய வெள்ளைப் போர்வையைத் திரையாகக் கட்டினோம். லைன் ஆட்கள் மட்டும் என்று ஏற்பாடு. படம் போடப்போகிற நேரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். "என்னமோ படமாமே? போடுங்க, நாங்களும் பாக்கறோம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். களம் எஸ்டேட்டுடையது. போகச் சொல்ல முடியாது. போடாமல் நிறுத்தினாலும் ஏன் என்று கேட்பார். புவனா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, போர்வையைப் பார்த்தேன். படம் ஓடத் தொடங்கியது.

அந்தப் படத்தை எத்தனையோ பேர் பார்த்துக் கை தட்டியிருக்கிறீர்கள். நான் பார்த்த மாதிரி யாரும் பார்த்திருக்கமாட்டீர்கள். பழம் பறிக்கிறது வந்தது, எல்லோரும் தங்களைத் தாங்களே பார்த்துச் சிரித்தார்கள். பழத்தோல் உரிக்கிற மிஷின் வந்தது. அதற்கடுத்தது என் வாசல் என்று எனக்குத் தெரியும். மிஷினில் தண்ணீர் ஓடுகிறது, ஓடுகிறது. அது நிற்கக்கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டேன். நின்றது. என் வாசல் வந்தது. பீன்ஸ் முறம் வந்தது. நான் வாயைத் திறந்தேன்.

போர்வை இருண்டது. ஒரேயடியாக இல்லை. அஞ்சு விரல் பெரிசாக விழுந்து, விரல் இடுக்கில் சிவப்பாக வெளிச்சம் கசிந்தது. திரும்பிப் பார்த்தேன். புவனா படம் காட்டுகிற மிஷினின் கண்ணை ஒரு உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மறு கையால் சத்தம் வருகிற வயரைப் பிடுங்கிப் பிடித்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மேனேஜர்.

"வயரு லூசுங்க சார், ஒரு நிமிஷம்" என்றாள். பொய் சொல்லி நான் பார்த்ததில்லை அவளை. குரல் பிசிறியது.

மேனேஜர் சும்மா விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாப்பாத்தியிடம் குனிந்து, "அந்த இடத்துல என்ன வருது?" என்று கேட்டார். அவளுக்கும் எனக்கும் ஆகாது என்று எஸ்டேட்டுக்கே தெரியும்.

பாப்பாத்தி கொட்டாவி விட்டாள். "அங்கம்மாக்கா பாட்டுப் படிக்குமுங்க சார். அது பாட்டு மாதிரியே இருக்காது, கழுத கத்தினாப்பல இருக்கும். அதான் அந்தப் புள்ள பொத்தியிருக்கும்" என்றாள்.

ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். கை எடுபட்டது, வயர் ஏறியது, படம் ஓடியது. பதினொரு வீடும் அன்றைக்குத் தப்பித்தது அவள் பேச்சால்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் ஊர் கூடின களத்தில் என் குரலைக் கழுதை என்றவளோடு எனக்கென்ன பேச்சு? அன்றோடு விட்டேன்.

ஜீப் போனபிறகு புவனா எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டாள். வேண்டாம் என்று பதினொரு வீடும் சொன்னது. "சரிங்க, வெளிய எங்கேயும் காட்டமாட்டேன். ஆனா அழிக்கமாட்டேன்" என்றாள்.

"அழி. என் கண்ணு முன்னாடி அழி" என்றேன்.

"மாட்டேனுங்கம்மா."

"எங்க பதினோரு ஊட்டையும் உன் பைக்குள்ள போட்டுட்டுத் திரியப் போறயா? யாருக்கு விக்கறதுக்கு?"

அவள் கண் கலங்கியது. அழவில்லை. "இது உங்களோடதுங்கம்மா. உங்க வாயால காட்டுன்னு சொன்னாத்தான் காட்டுவேன். அதுவரைக்கும் என்கிட்ட இருக்கும்" என்றாள்.

அப்போது நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். "இனி இந்த லைன்ல உனக்கு ஒரு வாய் தண்ணி கெடையாது. நான் சொல்ற வரைக்கும் எவ ஊட்லயும் நீ குடிக்கக் கூடாது."

மலைமேல் இதைவிடப் பெரிய சொல் கிடையாது. அவள் தலையை ஆட்டினாள். பையைத் தூக்கிக்கொண்டு எலுமிச்சம்பழத்தோடு பஸ்ஸுக்குப் போனாள். அந்த நிமிஷத்தை எடுத்துவிட்டுத்தான் படத்தை ஊர் ஊராகக் காட்டினாள். நடுவில் ஒரு இடம் குதிக்கிறதே என்று நீங்களே கேட்டிருப்பீர்கள். "அது அவங்களோடது" என்று மட்டும் சொல்வாளாம்.

நோட்டீஸ் விசாரணை, வாய்தா என்று ஐந்து வருஷம் இழுத்தது. கடைசியில் எங்களைக் காட்டிக்கொடுத்தது நாயுமில்லை, பாப்பாத்தியுமில்லை. ரேஷன் கார்டு. கார்டில் நாங்கள் குடியிருக்கிற நம்பர், ரெஜிஸ்டரில் வேறே நம்பர். எஸ்டேட் தரப்பில் ஆர்ப்பாட்டமாகச் சொன்னார்கள்: இவர்கள் எல்லாம் எஸ்டேட் விற்கிற சமயத்தில் பூட்டை உடைத்துப் புகுந்தவர்கள், சரிபார்க்க வந்தபோது ஆள் மாறி நின்று ஏமாற்றினார்கள். ஏமாற்றினது உண்மைதானே? நாங்கள் என்ன சொன்னாலும் அது பொய்க்குமேல் பொய்யாகத்தான் விழுந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து கடைசியாக விசாரிப்பதாகச் சொன்னார். ரைட்டர் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அவர் மண்ணுக்குள் போய்விட்டார்.

அவர் சொன்ன வார்த்தை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு போன் போட்டால் போதும். மூன்று நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போடவில்லை. அழி என்று கத்தினவள் எந்த முகத்தோடு கேட்பேன்? பதினொரு வீடு ஒரு பக்கம், என் வீம்பு ஒரு பக்கம். வீம்புதான் கனத்தது. இதை எழுத எனக்கு வெட்கம்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விசாரணை அன்று களத்தில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மேனேஜர் பக்கத்தில் பேப்பர்க் கட்டோடு நின்றார். முதல் பஸ்ஸில் புவனா வந்து இறங்கினாள். யார் சொன்னார்கள் என்று அப்போது தெரியாது. தலையில் துணி கட்டியிருந்தாள். பாதி உடம்பாக இருந்தாள். மலையேறின மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு வசதியாக இருந்தது.

அதிகாரியிடம் அவள் நேரே போகவில்லை. கம்ப்யூட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். "அம்மா, இது உங்களோடது. காட்டட்டுங்களா?"

மேனேஜர், "என்னது அது?" என்று நெருங்கி வந்தார். நான் வேண்டாம் என்றிருந்தால் அப்படியே திரும்பிப் போயிருப்பாள்.

"காட்டு" என்றேன். அந்த ஒரு சொல்தான் வந்தது.

மேசைமேல் வைத்துக் காட்டினாள். நான் பீன்ஸ் உரிக்கிறேன். சுந்தரம் ரைட்டர் டீ டம்ளரோடு சிரிக்கிறார். உப்பு ஜாடியைத் தூக்கிக் கொடுத்தது நான்தான் என்கிறார். செத்த மனுஷன் வந்து எங்களுக்காகப் பேசினார். அதிகாரி மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாம் முறையும் போடச் சொல்லி, "இவரு யாரு?" என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் சொல்லத்தான் வேண்டியிருந்தது: "பழைய ரைட்டர் சார். ரெஜிஸ்டர் அவர்கிட்டதான் இருந்துச்சு."

அப்போது பாப்பாத்தி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து புவனாவிடம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஆனால் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட கட்டை அவள் மறக்கவில்லை. அந்த நிமிஷத்தை எப்படிக் காத்தாளோ, அப்படியே என் கோபத்தையும் காத்து வைத்திருந்தாள்.

குடி என்று நான் சொல்லியிருக்கவேண்டும். ஒரு சொல். அதிகாரி கையெழுத்துக்குக் கூப்பிட்டார். நான் போய்விட்டேன். கையெழுத்துப் போட்டுத் திரும்பினால் டம்ளர் களத்துச் சுவர்மேல் இருந்தது, தண்ணீர் தளும்ப. அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

விசாரணை நடந்து பல மாசம் கழித்து, அவள் போனதற்கு முந்தின நாள், புதன்கிழமைதான் உத்தரவு வந்தது. யாரையும் காலி செய்யக்கூடாது, இருக்கிறவர்கள் இருக்கிற நம்பரிலேயே அவரவர் பேரைப் பதியவேண்டும் என்று. ஏழாம் நம்பருக்கு நேரே அங்கம்மாள் என்று என் பேரைப் பார்த்தேன். அடுத்தமுறை புவனா வந்தால் வாசலிலேயே நிறுத்தி முதலில் தண்ணீர் கொடுப்பேன், அப்புறம்தான் பேச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பாப்பாத்தி வந்து நின்றாள்.

அன்றைக்கு அவள் உடனே போகவில்லை. மிளகுச் சாக்கின் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். விசாரணைக்குப் புவனாவை வரச்சொல்லிப் போன் போட்டது தான்தான் என்றாள். புதன்கிழமை சாயங்காலம் உத்தரவு வந்ததையும் போன் போட்டுச் சொன்னாளாம். புவனாவின் அக்கா போனைத் தங்கச்சி காதில் வைத்தாளாம்.

"பேச்சு வரலக்கா. ஒன்னே ஒன்னுதான் கேட்டா. 'அம்மா என்ன சொன்னாங்க'ன்னா."

"நீ என்ன சொன்ன?"

பாப்பாத்தி மிளகைக் கையால் துழாவிக்கொண்டே இருந்தாள். "பொய் சொல்லிட்டேன். 'நீ எப்ப வருவேன்னு அங்கம்மாக்கா வாசல்ல சொம்போட நிக்குது சாமி'ன்னு சொன்னேன். சிரிச்சாளாட்டம் சத்தம் வந்துச்சு."

உள்ளே போனேன். சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து பாப்பாத்தியிடம் நீட்டினேன். வாங்கி அண்ணாந்து குடித்தாள். ஆரஞ்சு மரத்தை வெட்டினதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம் என்றும் சொன்னேன். "நீ மறந்தா மல கீழ எறங்கிப் போயிருமே" என்றாள்.

புவனாமேலும் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. நோவை எங்களிடம் சொல்லாமல் போனாள். அதை நான் விடப்போவதில்லை. அதுவும் என்னோடு இருக்கட்டும்.

படத்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இனி எங்கே காட்டினாலும் அந்த நிமிஷத்தை அதன் இடத்தில் சேர்த்துக் காட்டுங்கள். அவளுக்குக் கொடுத்த அதே சொல்லை உங்களுக்கும் என் வாயால் சொல்கிறேன்: காட்டுங்கள். முதலில் எங்கள் களத்தில் போடுங்கள். அவள் கட்டு அதுதான். திரைக்கு என் போர்வை இருக்கிறது. துவைத்துப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறேன், போர்த்திக்கொள்வதில்லை. பார்க்கிறவர்களுக்கு வெறும் வெள்ளைத் துணி. விரித்தால் எனக்கு மட்டும் அதில் அஞ்சு விரலும் தெரியும்.

பஸ் ஏறி வரும்போது எலுமிச்சம்பழம் கொண்டுவாருங்கள். தண்ணீர் என் வீட்டில் குடிக்கலாம்.

அங்கம்மாள்,
ஏழாம் நம்பர் வீடு